பதினான்காவது பத்தி

ராகேலுக்கு வேத வசனங்கள் நிறையத் தெரியும். ஆனால் எப்போது கேட்டாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் அவளால் சொல்ல முடிந்தது ஒரு தீர்ப்பின் பதினான்காவது பத்தியைத்தான்.

'தன் மகள் ராகேல் தன்னைக் கவனியாமல் கைவிட்டதால் அவளுக்குத் தன் சொத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று உயில் எழுதியவர் தெளிந்த மனநிலையில் கூறியதை நேரில் கேட்டதாகவும், அவர் கைநாட்டு வைத்ததை நேரில் கண்டதாகவும் இரண்டாம் சாட்சி செல்வதாஸ் கூறியுள்ளார். அவரை நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை.'

கவனியாமல் கைவிட்டாளாம். குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் அவள் அப்பா ஞானம் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம் இரண்டு மாதம் கிடந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பாய்க்குக் கீழே ரப்பர் ஷீட் விரித்தது அவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டது அவள். முதுகில் புண் வந்தபோது தினமும் கழுவி, பஞ்சில் மருந்து தொட்டு வைத்து, அவர் வலியில் இடது கையால் அடித்த அடியையும் வாங்கிக்கொண்டது அவள். புருஷன் மஸ்கட்டில் செத்து, பிள்ளையும் இல்லாமல் அப்பன் வீட்டுக்குத் திரும்பிவந்தவளுக்கு வேறு என்ன வேலை என்று ஊர் நினைத்தது. தம்பி ஸ்டெனி மார்த்தாண்டத்தில் மாமியார் வீட்டோடு இருந்தான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஒரு கிலோ ஆப்பிளோடு வந்து எட்டிப் பார்ப்பான்.

அப்பாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம் கழித்து அந்த ஸ்டெனிதான் உயிலை எடுத்து நீட்டினான். வீடு, ஒரு ஏக்கர் இருபது சென்ட் ரப்பர், எல்லாம் அவனுக்கு. கீழே அப்பாவின் இடது பெருவிரல் ரேகை. இரண்டு சாட்சிக் கையெழுத்து. ஒருவர் அதற்குள் செத்துப் போயிருந்தார். மற்றவர் செல்வதாஸ், அப்பாவின் கூட்டாளி, சபைக் கமிட்டியில் இருப்பவர், ரப்பர் ஷீட் வியாபாரி. சின்ன வயசிலிருந்து அவள் மாமா என்று கூப்பிட்ட மனுஷன்.

ராகேல் பாகம் கேட்டு வழக்குப் போட்டாள். மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் உயில் என்று ஒன்று இருந்துவிட்டால் அந்தச் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கும். உயிலை நிரூபிக்கச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து, நான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். செல்வதாஸ் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூண்டில் ஏறியதும் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிக்கணும். ஆணையிடாதேன்னு வேதத்துல இருக்கு. கடவுள் பேரச் சொல்லி நான் ஆணையிட மாட்டேன். உண்மை சொல்லுவேன்னு உறுதி மட்டும் சொல்லுதேன்."

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சப்-கோர்ட் நீதிபதி அவரை ஒரு நிமிடம் மரியாதையோடு பார்த்ததை ராகேல் கவனித்தாள். பிறகு அந்த மனுஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பதினான்காவது பத்தியில் உள்ள அத்தனையையும் வாய் கூசாமல் சொன்னார். வழக்கு தள்ளுபடியானது. அந்த வாரமே ராகேல் துணிமணிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் வேலைக்குச் சேர்ந்தது மாவட்ட நீதிமன்ற வாசலுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில். சம்பளத்துக்காக மட்டும் அவள் அங்கே போகவில்லை. அவளை அடித்தது சட்டம். எங்கே பிடித்தால் அதற்கு வலிக்கும், எங்கே பிடித்தால் அது நமக்கு வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. நாலு வருஷமாக வக்கீல்கள் எழுதித் தந்ததை எல்லாம் தட்டச்சு செய்தாள். சிவில் என்றால் நீ எனக்குச் செய்தது. கிரிமினல் என்றால் நீ எனக்குச் செய்திருந்தாலும் அரசாங்கத்துக்கே செய்ததாகக் கணக்கு. கீழே தோற்றால் மேலே போகலாம்: சப்-கோர்ட்டுக்கு மேல் மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை, அதற்கும் மேல் டில்லி. மேலே போகப் போகச் சத்தியம் செய்யும் கூண்டு கிடையாது, காகிதம்தான் பேசும். ஆகவே கீழே என்ன காகிதம் ஏறுகிறதோ அதுதான் கடைசிவரை தலையெழுத்து. இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய மேல்முறையீடும் எதிர்க் கட்டடத்தில் வாய்தா வாய்தாவாகக் கிடந்தது. தினமும் காலையில் கடையைத் திறக்கும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்து, செல்வதாஸ், உன்னை அங்கே கூண்டில் ஏற்றாமல் விடமாட்டேன் என்று சொல்லிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அவளுக்கு அன்று வேலை ஓடாது.

இந்த மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில், ஊரிலிருந்து சித்தி மகள் ரெஜிலா போனில் ஒரு வீடியோவை அனுப்பினாள். சபையின் மூன்று நாள் கன்வென்ஷன், கடைசி நாள் கூட்டம். 'அக்கா, ஒரு மணி நாப்பது நிமிஷத்துல பாருங்க' என்று எழுதியிருந்தாள். ராகேல் பார்த்தாள். மேடையில் செல்வதாஸ். ஆள் பாதியாகியிருந்தார். நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்து வந்தவர், கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல மைக்கைப் பிடித்திருந்தார்.

"சகோதரர்களே, ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப ஒரே ஒரு பாவம் என் நெஞ்சில கல்லா இருந்தது. ஒரு பெரியவருடைய உயில். அவர் கைநாட்டு வச்சதை நான் பார்க்கல. பார்த்ததாகக் கோர்ட்ல சொன்னேன். ஒரு மகளுக்கு விரோதமாச் சொன்னேன். ஆனா அன்னைக்கும் கர்த்தர் என்னைக் கைவிடல. அவர் நாமத்தில் ஆணையிட விடாமல் என் நாவைக் காத்தார். பொய் சொன்னேனே தவிர பொய்யாணை இடல. கர்த்தர் என்னை மன்னிச்சுட்டார்!"

பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் என்று கத்தியது. யாரோ ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராகேல் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவை பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஊரில் யாரிடமும் எதிலும் வாய் தவறாத மனுஷன், கடவுளை ஏமாற்றிவிட்டதாக நினைத்து ஊரறிய மைக்கில் சொல்லித் தானாக வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார். சபைக்காரர்கள் சுதாரித்து அந்த வீடியோவை இணையத்திலிருந்து தூக்குவதற்கு ஒரு நாள் ஆனது. அதற்குள் அது ராகேலின் கடைக் கம்ப்யூட்டரிலும் இரண்டு பென் டிரைவிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ராகேலின் மேல்முறையீட்டை நடத்திய சபிதா வக்கீல் முப்பத்தைந்து வயதுக்காரி, பூதப்பாண்டிக்காரி. அவசரப்படாத பெண். வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆணையிட்டாலும் உறுதி சொன்னாலும் சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா. இந்தாளு என்ன இப்படி நினைச்சுட்டு இருந்திருக்காரு?"

"சாமி பேரச் சொன்னா ஏழு வருஷம் ஜெயில், சொல்லாட்டா வீட்டுக்குப் போலாம்னு நினைச்சிருக்காரு. மனுவ நானே அடிச்சுத் தாறேன் மேடம். ரெண்டு மனு."

"ரெண்டா?"

"ஒண்ணு, அப்பீல்ல புதுச் சாட்சியம் எடுக்கணும்னு. இன்னொண்ணு முந்நூத்தி நாப்பது."

பொய்ச் சாட்சி சொன்னவன்மேல் நடவடிக்கை எடுக்கக் கேட்கும் மனுவுக்குப் பழைய சட்டத்தில் அந்த எண். புதுச் சட்டத்தில் முந்நூற்று எழுபத்தொன்பது என்று மாற்றிவிட்டார்கள். கோர்ட் வளாகத்தில் யார் வாயிலும் இன்னும் அது நுழையவில்லை.

"நிலம் வேணுமா, அவரு உள்ள போகணுமாக்கா? ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சா நல்லது."

"ரெண்டும் வேணும்."

"எது முதல்ல?"

"அவரு," என்றாள் ராகேல். யோசிக்கவே இல்லை.

மாவட்ட நீதிபதி புதுச் சாட்சியத்துக்கு அனுமதி கொடுத்து, செல்வதாஸை மறுபடி கூண்டில் ஏற்ற உத்தரவு போட்டார். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த சனிக்கிழமை மத்தியானம், ராகேலின் வாடகை வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. செல்வதாஸும் சபைப் போதகரும் இறங்கினார்கள். ராகேல் நாற்காலி எடுத்துப் போட்டாள். தேநீர் போடவில்லை.

வீடு என்றால் ஒரு அறையும் சமையலுக்கு ஒரு மூலையும்தான். அந்த அறையின் கட்டிலில் அம்மா நேசபாய் படுத்திருந்தாள். சொத்து முழுக்க வாங்கிக்கொண்ட மகன், மூன்று மாதம் வைத்துக்கொள் என்று சொல்லி ஒரு பையோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. திரும்பக் கூப்பிட ஆள் வரவில்லை. ராகேலும் கேட்கவில்லை. வழக்கு நடந்தபோது ஸ்டெனி எவ்வளவு கெஞ்சியும் அம்மா முட்டுவலி என்று சொல்லி அவன் பக்கம் சாட்சி சொல்ல வரவில்லை. அந்த ஒன்றுக்காகவே ராகேல் அவளுக்கு ஆயுசுக்கும் சோறு போடலாம் என்று இருந்தாள்.

போதகர் தொடங்கினார். "மகளே, கர்த்தர் அவரை மன்னிச்சாச்சு. நீயும் மன்னிச்சிரு. ஆபரேஷன் முடிஞ்ச உடம்பு."

"கர்த்தர் மன்னிச்சா சந்தோஷம் பாஸ்டர். ஆனா எனக்க கையில ஒண்ணும் இல்ல. பொய்ச் சாட்சி எனக்கு விரோதமான குத்தம் இல்ல, கோர்ட்டுக்கு விரோதமான குத்தம். புகார் கொடுக்கப் போறது ஜட்ஜ். நான் காகிதத்த எடுத்து மேசையில வச்ச ஆளு, அம்புட்டுதான்."

இது முழு உண்மை இல்லை. நினைத்தால் மனுவை அவள் திரும்ப வாங்கலாம். அதை இவர்களுக்குச் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்தா? செல்வதாஸின் முகம் வெளுப்பதை அவள் கண் நிறையப் பார்த்தாள். மனசு குளிர்ந்தது. நாலு வருஷம் டைப் அடித்த விரல்களுக்கெல்லாம் கூலி கிடைத்ததுபோல் இருந்தது.

"ராகேலு," என்றார் செல்வதாஸ். "உனக்கு முழுசும் தெரியாது மக்கா. தெரிஞ்சா நீயே வேண்டாம்னு சொல்லுவ."

"மாமான்னு கூப்பிட்ட வாயால சொல்லுதேன். கூண்டுல ஏறி முழுசையும் சொல்லும். ஒண்ணையும் விடாதேயும்."

அவர் கட்டில் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு எழுந்தார். ஆட்டோ போனதும் அம்மா மெல்லிய குரலில் சொன்னாள்.

"விட்டுரு மக்கா. வயசான மனுஷன்."

"அப்பாவுக்கும் வயசுதான் ஆச்சு."

அன்றைக்கு அம்மா கஞ்சி குடிக்கவில்லை. இவளுக்கு யார்மேலும் இரக்கம் வந்துவிடும், இப்படி இருந்துதான் மகனிடம் ஏமாந்தாள் என்று நினைத்துக்கொண்டே ராகேல் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள்.

விசாரணை நாளில் ஸ்டெனி பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. ராகேல் முதல் வரிசையில், கூண்டுக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தாள். செல்வதாஸ் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறினார். இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்பே கையை உயர்த்தினார்.

"கடவுள் பேருல ஆணையாச் சொல்லுதேன். நான் சொல்றதெல்லாம் உண்மை."

சபிதா வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதில் பேசுவது நான்தான் என்றார். உயில் எழுதினவர் கைநாட்டு வைத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றார். மகள் கவனிக்கவில்லை என்று அவர் சொல்லக் கேட்டீர்களா என்றாள். கேட்கவில்லை, அவருக்கு அப்போது பேச்சே இல்லை என்றார். ராகேல் மடியில் வைத்திருந்த கையை இறுக்கிக்கொண்டாள். பதினான்காவது பத்தி வரிவரியாகக் கிழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு எழுந்து நின்று கூவவேண்டும்போல் இருந்தது.

"அப்படியானால் கைநாட்டு வைத்த காகிதத்தை உங்களிடம் கொண்டுவந்தது யார்? ஸ்டெனியா?"

செல்வதாஸ் ராகேலைப் பார்த்தார். இப்போதாவது நிறுத்தச் சொல் என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல. நேசபாய் அக்கா. ஞானம் அண்ணனுக்க பெஞ்சாதி. ஒரு வெள்ளிக்கிழமை காலையில சீலைத் தலைப்புல சுருட்டிக் கொண்டுவந்தாவ. அவரு தூங்கிட்டு இருந்தப்ப நான்தான் விரலப் பிடிச்சு வச்சேன்னு சொன்னாவ. மகள் பாக்கலன்னு ஒரு வரி இருந்தாத்தான் கோர்ட்டுல நிக்கும்னு ஸ்டெனி சொன்னானாம். அப்ப அந்த வரியச் சேர்த்து எழுதுன்னு சொன்னதும் அக்காதான். அப்படித்தான் எனக்கிட்ட சொன்னாவ."

ஸ்டெனியின் வக்கீல் துள்ளி எழுந்தார். சாட்சி தான் பார்த்ததைச் சொல்லட்டும், மூன்றாம் ஆள் சொல்லக் கேட்டதைச் சொல்லக்கூடாது, அந்த அம்மாள் விசாரிக்கப்படவே இல்லை என்றார். நீதிபதி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே நடந்தது எதுவும் ராகேலின் காதில் ஏறவில்லை.

வக்கீல் அறையில் சபிதா கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"உயில் விழுந்தாச்சுக்கா. கண்ணால பார்த்த சாட்சி ஒருத்தரும் இல்லைன்னு ஆயிடுச்சு. உங்க பங்கு வந்திரும். பொய்ச் சாட்சி மனுவையும் தீர்ப்போட சேர்த்து ஜட்ஜ் எடுத்துக்குவாங்க. அம்மா பேரு வெறும் கேட்ட பேச்சு. அது சாட்சியமே ஆகாது. நாம சும்மா இருந்தா அது அப்படியே காத்துல போயிரும்."

"பதினாலாவது பத்தி?"

"அதுவும் போயிரும்."

"அந்த வரிய எழுதச் சொன்னது யாருன்னு புதுத் தீர்ப்புல வருமா?"

சபிதா பேனாவை மூடி வைத்தாள். "அம்மாவைக் கூண்டுல ஏத்தினாத்தான் வரும். ஏத்தினா அவங்களும் பதில் சொல்லவேண்டி வரும். பொய் ஆவணம் உண்டாக்கினதுன்னு கேஸ் திரும்பலாம். எழுபத்தெட்டு வயசு. யோசிச்சுச் செய்ங்க. நான் சொன்னா சும்மா இருங்கன்னுதான் சொல்லுவேன்."

கேட்ட பேச்சு செல்லாது, சொன்னவரே வந்து சொல்லவேண்டும். இந்த விதியை ராகேல் எத்தனை மனுவில் டைப் அடித்திருக்கிறாள்! அப்போதெல்லாம் அது யாரோ ஒருவருடைய வழக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டெனி போன் பண்ணிவிட்டான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ராகேல் செருப்பைக் கழற்றாமல் எதிரே நின்றாள்.

"அவரு சொன்னது உள்ளதா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மறுக்கவில்லை.

"முதுகுப் புண்ண நான் கழுவினத நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? வென்னி போட்டுத் தந்ததே நீங்கதானே? எந்த வாயால அந்த வரியச் சேர்க்கச் சொன்னீங்க?"

"கோவப்படாத மக்கா. கேளு." அம்மாவின் குரலில் பயம் இருந்தது. ஆனால் தப்புச் செய்தவளின் குரலாக இல்லை. கணக்குத் தெரிந்தவள் விளங்கவைக்கும் குரலாக இருந்தது. "அவனுக்கு நிலத்தக் குடுத்தா என்னைப் பார்ப்பான்னு நினைச்சேன். குடுக்காட்டா அவன் திரும்பியே பார்க்க மாட்டான். நீ அப்படியா? உனக்கு ஒண்ணும் தராட்டாலும் நீ பார்ப்ப. அது எனக்குத் தெரியும். அதனாலதான் உனக்கு வேண்டாம்னு வச்சேன்."

ராகேல் அப்படியே நின்றாள். செல்வதாஸ்மேல் ஏழு வருஷம் வளர்த்த ஆத்திரம் அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் ஆள்மாறி நின்றது. செல்வதாஸ் அவளைப் பொய் சொல்லித்தான் கெடுத்தார். அம்மாவோ அவளுடைய நல்ல குணத்தை அளந்து பார்த்து, அது எவ்வளவு தாங்கும் என்று சரியாகக் கணக்குப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று மகனுக்கு நிலத்தை எட்டிப் பறித்துக் கொடுத்திருக்கிறாள். கணக்குத் தப்பவும் இல்லை. இரண்டு வருஷமாக இந்தக் கட்டிலில் படுத்து ராகேலின் கையால்தான் கஞ்சி குடிக்கிறாள். பெற்றவளாயிற்றே என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்த வேகத்தில் எரிந்து போனது.

அவள் செருப்பைக் கழற்றினாள். கஞ்சி வைத்தாள். சிறுபயிறு துவரன் வதக்கினாள். அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டாள். அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ராகேல் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. திருமதி நேசபாய், கணவர் பெயர் லேட் ஞானம், என்பவரைச் சாட்சியாக அழைத்து விசாரிக்கக் கோரும் மனு. முகவரி என்ற இடத்தில் தன் வாடகை வீட்டின் கதவு எண்ணை அடித்தாள். ஒரு எழுத்துப்பிழை இல்லை. சபிதா வாசித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது வாரம் சம்மன் வந்தது. நீதிமன்ற அமீனா ரதீஷ் ராகேலின் கடைக்குத் தினமும் வந்து போகிறவன். வழக்குக்காரர்களின் வீடு தேடிப் போய்ச் சம்மன் கொடுப்பது அவன் வேலை. நாளை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று கூச்சத்தோடு முன்பே சொல்லியிருந்தான். அவன் வந்தபோது ராகேல் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தாள். கடையிலிருந்து மை வைத்த டப்பாவையும் கொண்டுவந்திருந்தாள். சம்மன் கிடைத்ததற்குக் கையெழுத்து வேண்டும். அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்தபிறகு கையெழுத்து வருவதில்லை, ரேகைதான்.

"இது என்ன பேப்பரு மக்கா? கண்ணு சரியாத் தெரியல."

"கோர்ட்டுச் சம்மன். நீங்க வந்து சாட்சி சொல்லணும்."

"யாரு அனுப்புனது? ஸ்டெனியா?"

"நான்தான்."

"நான் உன்ன..." என்று தொடங்கிய அம்மா சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ரதீஷ் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

ராகேல் சம்மனை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரைவரை சத்தமாக வாசித்தாள். வழக்கு எண், தேதி, மணி, வராவிட்டால் என்ன ஆகும் என்பது, எல்லாவற்றையும். முடித்ததும் மறுபடி ஒருதரம் வாசித்தாள். பிறகு கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது. பெருவிரலைப் பிடித்து மைமேல் ஒற்றினாள்.

"தூங்கிட்டு இல்லியே? முழிச்சுத்தானே இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அம்மாவின் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. ராகேல் காத்திருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை.

"சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் வைக்கணும்."

"முழிச்சிருக்கேன்," என்றாள் அம்மா.

ராகேல் விரலைக் காகிதத்தில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கி எடுத்தாள். ரேகை ஒன்றுகூட அழியாமல் தெளிவாக விழுந்தது. ரேகை என்றால் பக்கத்தில் ஒருவர் பார்த்ததாகக் கையெழுத்துப் போடவேண்டும் என்று ரதீஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான். அது அவளுக்குத் தெரியாதா? பேனாவை வாங்கி, என் முன்னிலையில் வைத்தது என்று எழுதி, ராகேல் என்று கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே உறவு என்று ஓர் இடம் இருந்தது. அதில் மகள் என்று எழுதிக் காகிதத்தை ரதீஷிடம் கொடுத்தாள்.